இரவல் வீட்டுக்காரர்

சைக்கிள் ரிக்‌ஷாவில் மடிமேல் நிலைக்கண்ணாடி, காலடியில் தையல் மெஷின், தோளில் சுருட்டிய ஜமக்காளம். மருதப்பன் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். “ஓரம் போங்கலா! கண்ணாடி வருது, கண்ணாடி!” டன்லப் தெருவில் கடை திறக்க வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்து அவசரமாகத் தலை வாரிக்கொள்வதும் உண்டு. முந்தின நாள் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் நாடகம் நடந்து முடிந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பூஞ்சோலை நாடக மன்றத்தின் உதவித் தயாரிப்பாளர் இவர். தயாரிப்பாளர் ரவூப் ராவுத்தருக்குச் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை. புடவை விற்பது போலவே நாடகமும் விற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கதையைக் கேட்டுவிட்டு “ஆவட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்கும் திரை தூக்குவதற்கும் நடுவில் இருக்கிற எல்லாம் மருதப்பன் தலையில் விழும். மண்டபம் பேச வேண்டும், கதையைப் போலீஸில் காட்டி அனுமதி வாங்க வேண்டும், லோரியில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்ற வேண்டும், கோபித்துக்கொண்டு போன கதாநாயகனைச் சமாதானம் சொல்லிக் கூட்டிவர வேண்டும். நோட்டீஸில் எல்லாப் பெயர்களுக்கும் கீழே, அச்சகத்தின் பெயருக்கு மேலே, அவர் பெயர் வரும். அச்சகத்தின் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கும்.

மன்றத்தில் ஓடுவது குடும்ப நாடகம். குடும்பம் என்றால் வீடு வேண்டும். அந்த வீட்டைத் தேக்கா வட்டாரம் முழுவதும் அலைந்து மருதப்பன்தான் சேர்க்கிறார். சோபா ஒரு டாக்டர் வீட்டுடையது. சுவர்க்கடிகாரம் நகைக்கடையிலிருந்து வரும். தொட்டில், பின் சந்தில் குடியிருக்கும் ஜைனப் அக்காவுடையது. அந்த அக்கா பிள்ளை பெற்றிருக்கும் சமயமாக இருந்தால் தொட்டில் கிடைக்காது. கதாசிரியரும் வேறு வழியில்லாமல் கதையில் வரும் குழந்தையைப் பள்ளிக்கூடம் போகிற வயதாக்கிவிடுவார். இரவல் வாங்கும்போது மருதப்பன் சொல்வது ஒன்றே: “நாளைக் காலையில உங்க பொருளு உங்க வீட்டுல இருக்கும்.” இருக்கும். சாமி விளக்கைக்கூட அவரை நம்பிக் கொடுக்கிறார்கள்.

மேடையில் அந்தச் சாமான்களை அவர் அடுக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். சாய்வு நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, ஓர் இடத்தில் வைத்துவிட்டு, தானே எட்ட நின்று பார்ப்பார். “வீட்டுக்காரரு சாஞ்சு உக்காந்தா அடுப்படியில நிக்கிற அம்மா கண்ணுல படணும்லா. இல்லேன்னா என்ன வீடு அது?” டிக்கெட் வாங்கி வருகிறவன் எவனும் அதைக் கவனிக்கப் போவதில்லை. சொன்னால் கேட்க மாட்டார்.

டன்லப் தெருக் கடைவீட்டு மாடியில் என் அறைக்கு அடுத்தது அவர் அறை. நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார், கூடு மாதிரி ஓர் அறைதான் எனக்கும். ஆனால் என் அறையில் ஒரு நாற்காலியாவது உண்டு. அவரிடம் ஒரு கான்வாஸ் கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, சட்டை மாட்ட ஓர் ஆணி. வருகிறவர்கள் பெட்டிமேல் உட்கார வேண்டும். ஒருமுறை டாக்டர் குடும்பம் ஊரில் இல்லாததால் சோபா சில நாள் அவர் அறையிலேயே கிடந்தது. கட்டிலை மடித்து வைத்துவிட்டு அவர் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தார். “அதுல படுத்தா என்ன ஐயா?” என்று கேட்டேன். “அடுத்தவங்க பொருள்லா, வாத்தியாரே,” என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

நாற்பதைத் தாண்டியவர். சிறு வயதில் மாமாவோடு கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் மாமா இறந்துபோனார். அதன் பிறகு சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதைப் பற்றி அவர் புலம்பியதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கடையில் காலி மேசையாகப் பார்த்து உட்கார மாட்டார், யாராவது இருவர் மூவர் பேசிக்கொண்டிருக்கும் மேசையில் ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்டபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

உதவித் தயாரிப்பாளருடைய வேலைகளிலேயே கடினமானது நடிக்கப் பெண் தேடுவது. பெண்பிள்ளையை மேடையேற்ற எந்தத் தகப்பன் சுலபத்தில் ஒப்புவான்? ஒரு வீட்டில் வெறுங்கையோடு போய் நின்று துரத்தப்பட்ட பிறகு மருதப்பன் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டார். சலவைச் சட்டை போட்டுக்கொள்வார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ வைத்து எடுத்துக்கொள்வார். மன்றத்தில் அம்மா வேடம் கட்டும் ரத்தினம்மாவை, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கூட அழைத்துப் போவார். இவ்வளவு மரியாதையாக வந்து கேட்கிறவர்களை யாரும் வாசலோடு அனுப்புவதில்லை. இந்த வழி பல வீடுகளில் பலித்தது. செம்பவாங்கில்தான் வந்தது வினை.

அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் சுந்தரம் என்பவருக்கு இரண்டு பெண்கள். மனைவி இல்லை. சின்னவள் கண்மணி, பட்டறைக்காரர்களின் பொங்கல் விழாவில் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கியவள். அவளை ஐப்பசி நாடகத்துக்குக் கேட்கலாம் என்று யோசனை சொன்னவர், மன்றத்தில் வில்லன் வேடம் போடும் அஹமது கபீர். அவருக்கும் அதே பட்டறையில் வேலை, அதே கம்பத்துக் குடியிருப்பில் வீடு. கபீர் சுந்தரத்திடம், “எங்க மன்றத்துல பொறுப்புல இருக்குற மருதப்பன் ஞாயித்துக்கெழம வருவாரு. தங்கமான மனுசன். ஒங்க பொண்ணு விசயமா” என்று மட்டும் சொல்லி வைத்தார். எந்தப் பெண், எதற்கு என்பதை நேரில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தாம்பாளமும் ரத்தினம்மாவுமாக மருதப்பன் பஸ் ஏறினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோதே கேசரி வாசனை அடித்தது. தகரக் கூரை வீடுதான், ஆனால் தரை அன்றுதான் கழுவியிருந்தது. சுந்தரம் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு விசாரணை ஆரம்பித்தது.

“எந்த ஊரு?”

“பட்டுக்கோட்டைப் பக்கங்க. இங்க வந்து காலமாச்சு.”

“குடி, சீட்டு ஏதாச்சும்?”

“கோப்பி மட்டுந்தாங்க.”

எல்லோரும் சிரித்தோம். பெண்ணை நாடகத்துக்கு அனுப்பப் போகிற தகப்பன் கேட்க வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தாற்போல், “ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துக்குறா?” என்று சுந்தரம் கேட்டார். “யாரும் இல்லீங்க,” என்றார் மருதப்பன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. அப்படி ஒரு கேள்வியை யாரோ அவரிடம் கேட்டுவிட்டார்கள் அல்லவா?

காப்பி கொண்டுவந்தவள் மூத்தவள் பாக்கியலட்சுமி. தாய் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியதில் முப்பதைத் தாண்டிவிட்டவள். பட்டுப் புடவை கட்டியிருந்தாள். டம்ளர்கள் புத்தம் புதிய எவர்சில்வர். அவள் கல்யாணத்துக்கென்று தகப்பன் வாங்கிச் சேர்த்தவை போலும், ஒவ்வொன்றிலும் அவள் பெயர் வெட்டியிருந்தது. எங்களுக்குக் கொடுத்துவிட்டு, மருதப்பனிடம் நீட்டும்போது மட்டும், “சீனி போதுமான்னு பாருங்க,” என்றாள்.

“போதுங்க,” என்றார் அவர், வாயில் வைக்காமலே.

சுந்தரம் தொண்டையைச் செருமினார். “எங்களுக்குச் சம்மதம். பாக்கியத்துக்கும் சம்மதந்தான், மொகத்தப் பாத்தாலே தெரியுது. தை மாசத்துலயே வச்சுக்கலாமா?”

“தை மாசமா? நாடகம் ஐப்பசியிலங்க,” என்றார் மருதப்பன்.

அடுக்களை வாசலில் நின்ற கண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியலட்சுமி அசையாமல் நின்றாள். விஷயம் எனக்குப் புரிந்தது. மருதப்பனுக்கும் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருந்தாலே போதும். தை மாதத்தில் நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருப்பேன். அவரோ எழுந்து நின்றார்.

“தப்பு நடந்து போச்சுங்க. நான் சின்னவங்கள நாடகத்துல நடிக்கக் கேட்டு வந்தேன். இந்தச் சம்மதம் எனக்கு உள்ளது இல்லீங்க.”

சுந்தரம் எழுந்து உள்ளே போனார். தாம்பாளத்தை எடுத்து வந்து, வாங்கியது போலவே இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் தாம்பாளத்தில் வாழைப்பழத்துக்கு நடுவே அந்த டம்ளர் இருப்பதைப் பார்த்தோம். பதற்றத்தில் கையிலிருந்ததை அதில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். பாதிக் காப்பி அப்படியே இருந்தது. ரத்தினம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “ஆமான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாயி வரலியா?”

“அவங்க வேற யாருக்கோ சொன்னது, அக்கா. அத நான் எடுத்துக்க முடியுமா?”

“வேற யாருக்குடா? எதுத்தாப்புல ஒன்ன உக்கார வச்சு, ஒன்னத்தானே கேட்டாங்க!”

மருதப்பன் டம்ளரைக் கையில் எடுத்தார். ஆறிப்போன காப்பியைக் கீழே ஊற்ற மனமில்லாமல் குடித்து முடித்தார்.

ஐப்பசி நாடகத்துக்கு வேறு பெண் கிடைத்தாள். நாடகம் ஓடியது. மறுநாள் கண்ணாடி, கடிகாரம், தொட்டில் எல்லாம் அதனதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. டம்ளர் மட்டும் இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. அதன் பிறகு ஒருநாள் கபீர் மாடியேறி வந்தார்.

“பாக்கியம் சொல்லச் சொல்லுச்சு. செட்டுல ஒரு டம்ளர் கொறையுதாம். யாருகிட்டயும் குடுத்தனுப்ப வேணாமாம். கொண்டுபோன ஆளே வந்து குடுக்கணுமாம்.” பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கபீர் குரலைத் தாழ்த்தினார். “மலாக்காவுலேருந்து யாரோ வந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. சுந்தரண்ணன் தைக்குள்ள முடிச்சிரணும்னு நிக்கிறாரு. இதுக்கு மேல ஒரு பொம்பளப்புள்ள என்னத்த மருதப்பா சொல்லும்?”

“கொண்டு போவணும்லா,” என்றார் மருதப்பன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மார்கழியும் பிறந்துவிட்டது, நான் அறிந்தவரை டம்ளர் பெட்டியைவிட்டு அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைப்பதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நானும் கூடப் புறப்பட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், நிலைக்கண்ணாடியைப் பிடிப்பது போல. பாதி வழியில் தானாகவே பேசினார்.

“திருப்பிக் குடுத்துட்டா அதோட முடிஞ்சு போச்சு, இல்லீங்களா வாத்தியாரே?”

“குடுத்தாத்தானய்யா ஆரம்பிக்கும்,” என்றேன்.

செம்பவாங்கில் இறங்கினோம். அந்தக் கம்பத்துச் சந்து முனையில் ஒரு சீனர் காப்பிக் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் சுந்தரம் வீட்டு வாசலும் துணிக்கொடியும் தெரியும். மருதப்பன் நேரே போகாமல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். தைரியத்துக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். அவர் பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, டம்ளரை வெளியே எடுத்தார். கடைக்காரர் ஒரு வார்த்தையும் கேட்காமல் கையை நீட்டி அதை வாங்கி, காப்பி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கை நீண்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை ஞாயிறாக இது நடக்கிறதோ!

அவர் சுந்தரம் வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். அப்போது வாசலில் பாக்கியலட்சுமி வந்தாள். கொடியில் கிடந்த துணியை எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் உள்ளே போகவில்லை. துணியை மார்போடு அணைத்தபடி கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நிக்கிறாங்க,” என்றேன் மெதுவாக.

“தெரியும்.”

“எழுந்திருங்க ஐயா. பத்தடி நடந்தா வீடு.”

அவர் எழுந்தார். கடைப் பீப்பாய்த் தண்ணீரில் டம்ளரைக் கழுவினார். கைக்குட்டையால் உள்ளும் வெளியும் துடைத்தார். பெயர் வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இன்னொரு முறை துடைத்தார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சாலையில் நகரத்துக்குப் போகும் பஸ் வந்தது. மருதப்பன் டம்ளரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார்.