அண்ணனா மூத்தவர், வீடா?

தையல் மிஷின் பழுது பார்க்க அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் மிஷின்காரர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் கவிழ்த்துப் போட்ட மிஷின்கள், எங்கே தொட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு. அந்த ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை அவருக்கு மூக்குக்கண்ணாடி தேவையில்லை என்பாள் மனைவி. கேலிதான், ஆனால் பொய்யில்லை. இந்த மனிதருக்குக் கோபம் வரவைக்கப் பார்த்தால் நாம்தான் களைத்துப்போவோம்.

அப்படிப்பட்டவரையே கலங்கவைத்தவர் அவருடைய அண்ணன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார். வீடு இருவருக்கும் பொது. அந்தக் குடும்பத்தில் மூத்தவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சட்டம் போட்டவரும் அண்ணன்தான், காவல் காப்பவரும் அண்ணன்தான். மழையில் மொட்டைமாடி ஒழுகி ஒரு மிஷின் நனைந்தது என்று கேள்விப்பட்டதும் வந்து நின்றார்.

“இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாம்டா. அப்பா வாங்கும்போதே இது கிழடு.”

“சுவரெல்லாம் கல்லு மாதிரி இருக்குண்ணே.”

“எப்பக் கட்டினதுன்னு உனக்குத் தெரியுமா? என்னைவிடச் சின்னதுன்னு காட்டு, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா அடுத்த மாசம் ஆள் வரும்.”

மிஷினுக்கு வயசு பார்ப்பது தம்பிக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேல் பெயிண்டை நம்ப மாட்டார், கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பார். வீட்டைக் கவிழ்க்க முடியாதே. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார். கதவுக் கீல் ஒன்றும் சொல்லவில்லை, சுவிட்சுப் பலகையும் சொல்லவில்லை. கக்கூஸ் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருப்பினால், உள்ளே வருஷம் அச்சாகியிருந்தது. அந்த வருஷம் அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்! மூடியும் கையுமாகச் சமையலறைக்கு ஓடினார்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். “முதல்ல அதை வெளிய கொண்டுபோங்க. தொட்டியை நடுவுல யாராவது மாத்தியிருக்க மாட்டாங்களா? பெல்ட்டைப் பார்த்தா மிஷினுக்கு வயசு சொல்வீங்க?”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. இந்தத் தப்பை வேறு யார் செய்தாலும் மன்னிக்கலாம்.

மறுநாள் பரணில் ஏறினார். மல்லாந்து படுத்து டார்ச் அடித்தால், கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளையடிக்காத கூரை. அதில் வரிவரியாகக் கறுப்பு எழுத்து. கான்கிரீட், அடியில் முட்டுக்கொடுத்த பலகையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொத்தனார்கள் செய்தித்தாளை விரித்து அதன் மேல் கொட்டியிருக்கிறார்கள். தாள் எப்போதோ உதிர்ந்துவிட்டது, மை மட்டும் இடம் வலம் மாறித் தங்கிவிட்டது. மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக் காட்டினார். தேதி பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தைய தேதி.

“பழைய பேப்பரா இருக்கலாமே?” என்றாள் மனைவி.

“மூணு வருஷத்துக்கு முந்தின பேப்பரை எந்தக் கொத்தனார் சேர்த்து வைப்பார்?”

“அப்ப தொட்டி மூடியையே காட்டிடுங்க. அவர் பரண்ல ஏறவா போறார்?”

“அண்ணன்கிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வராதுடி.”

தம்பி தேதியைச் சொன்னதும் அண்ணன் வந்து ஏறத்தான் செய்தார். கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கீழே ஏணியைப் பிடித்து நின்ற தம்பியின் கண் ஜன்னலை விட்டு அகலவில்லை. வீட்டோடு அதுவும் போய்விடும்.

“அப்ப இது எனக்கு மூத்ததாடா?”

“ஆமாண்ணே. மூணு வருஷம்.”

“அப்ப இந்தக் குடும்பத்துல பெரியவங்க நீங்க இல்லையா மாமா?” என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

அண்ணன் மெல்ல இறங்கினார். கடைசிப் படியில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

“அடுத்த மாசம் ஆள் வரட்டும்,” என்றார்.

தம்பிக்கு உயிரே போய்விட்டது.

“வந்து மொட்டைமாடி ஓட்டையை அடைச்சிட்டுப் போகட்டும். இந்த வயசுல இவங்களை நனைய விடலாமாடா?”