சைக்கிள் பாதையைப் பெயர்த்த வெள்ளிக்கிழமை

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில்தான் நான் சைக்கிள் ஓடப் பழகினேன். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அதுவரை ஓட்டோவில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ஓட்டோக்களெல்லாம் எண்ணெய் இல்லாமல் வாசல்களில் முடங்கிவிட்டபோது, கணவர் தன் பழைய சைக்கிளின் இருக்கையைத் தாழ்த்தித் தந்தார். கடற்கரை வீதியில், மீனவர்களின் வாடிக் கொட்டில்களுக்குப் பின்னால், அபாயா சங்கிலியில் சிக்காமல் ஒரு பக்கம் இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்து எழும்பிப் பழகினேன்.

எங்கள் ஊரில் பெண்கள் சைக்கிள் ஓடுவதைப் பற்றி வழக்கமாக ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்த நாட்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காஸ் சிலிண்டரும், அரிசியும், வீட்டிலுள்ள முதியவர்களின் மருந்தும் எங்கள் கரியரில்தான் வீட்டுக்கு வந்தன. ஆண்கள் எண்ணெய் வரிசையில் நின்றார்கள். நாங்கள் ஊரை ஓட்டினோம்.

வீதியில்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். கல்முனையைச் சேர்ந்த மெதடிஸ்தத் தமிழ்ப் பெண். எங்கள் ஊரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் துப்புரவு வேலை. என்னிலும் மூத்தவள் என்பதால் நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை டீச்சர் என்பாள். காலையில் சந்தியில் எனக்காகக் காத்து நிற்பாள். நோன்பு மாதத்தில் எனக்கு முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டாள். "எனக்கும் விடாய்க்கேல்ல டீச்சர்" என்று பொய் சொல்லிக்கொண்டு மிதிப்பாள்.

சைக்கிள்கள் பெருகியதைப் பார்த்து ஊர்ச் சபை பிரதான வீதியின் ஓரத்தில் ஒரு பாதை பிரித்துத் தந்தது. மஞ்சள் கோடு, அதன்மேல் இடைவெளி விட்டுச் சீமெந்துக் கட்டைகள். திறப்பு விழாவில் சபைத் தலைவரான தவிசாளர் ரிபன் வெட்டினார். பெயின்ற் முழுவதையும் இலவசமாகக் கொடுத்தது என் காக்கா. என் கூடப்பிறந்த மூத்த சகோதரர். அதே வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன்.

பிறகு எண்ணெய் வந்தது. ஓட்டோக்கள் வந்தன, கார்கள் வந்தன, அறுகம்பேக்குச் சுற்றுலா போகும் வேன்கள் வரிசையாக வந்தன. கடைகளுக்கு முன்னால் இரட்டை வரிசையில் வாகனங்களை நிறுத்திவிட்டு, வீதி நெரிகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். நெரிசலுக்குக் காரணம் சைக்கிள் பாதைதான் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அதை எடுக்கச் சொல்லிக் கடைக்காரர்கள் சபையிடம் கேட்டிருக்கிறார்கள் என்றும், முன்னுக்கு நின்றது என் காக்கா என்றும் அக்காதான் வந்து சொன்னாள். நம்பாமல் நேரே கடைக்குப் போனேன்.

"காக்கா, பாதையை எடுக்கச் சொன்னது நீங்களா?"

"நான் மட்டுமா? கடைக்காரர் எல்லாரும்தான். வாகனம் நிப்பாட்ட எடமில்ல. யாவாரம் படுத்துப் பெய்த்து."

"பெயின்ற் குடுத்த ஆளே நீங்கதானே?"

"அது அந்த நேரம் புள்ள. இப்பதான் எண்ணெய் வந்திட்டே."

அவருக்கு வெட்கம்கூட இல்லை. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டே சொன்னார்.

சபை ஒரு கூட்டம் வைத்தது. நாங்களும் போனோம். முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார், ரியூசன் போகும் மாணவிகள், சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கும் ஆட்கள், மருதமுனைக்கு நெசவு வேலைக்குப் போகிறவர்கள், எல்லோரும் வந்தார்கள். மண்டபத்தில் இடம் போதவில்லை. நான் எழுந்து பேசினேன். கடைகளுக்கு முன்னால் இரட்டை வரிசையில் நிற்கும் வாகனங்களைக் குறுக்குத் தெருக்களுக்கு அனுப்புங்கள், நெரிசல் தானாகக் குறையும் என்றேன். காக்கா எழும்பினார்.

"நாலு சைக்கிளுக்காக ஊர்ர யாவாரத்தையே சாகடிக்கச் சொல்லுறாங்களா?"

"நாலு சைக்கிளா?" என்று பின்வரிசையிலிருந்து அக்கா கேட்டாள். "வெளிய வந்து பாருங்கோ. நிப்பாட்ட இடமில்லாம மதிலோட சாத்திக் கிடக்கு."

மண்டபமே சிரித்தது. தவிசாளரும் சிரித்தார். "ஒங்களுக்கிட்டக் கேக்காம ஒரு கட்டையையும் அசைக்க மாட்டம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நம்பினோம். நம்பினாலும், அடுத்த கிழமையிலிருந்து காலையில் சற்று நேரம் பாதையோரம் சைக்கிள்களுடன் அமைதியாக நின்றோம், மறந்துவிடக் கூடாதென்று.

அதன்பிறகுதான் கடைக்காரர் தரப்பின் வேலை தொடங்கியது. எங்களிடம் ஒருவரும் வரவில்லை. எங்கள் கணவர்மாரிடம் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் இருவர் என் கணவரைத் தேடி வந்தார்கள். நான் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பொம்புளையள் ரோட்டுல நிக்கிறது அழகில்ல. நீங்களாவது சொல்லி வைங்க."

"எண்ணெய் இல்லாத நாளையில அவதான் ரோட்டால போய் எங்களுக்குச் சோறு கொண்டு வந்த. அப்ப அழகா இருந்திச்சா?" என்றார் கணவர்.

தேநீர் குடிக்காமலே போய்விட்டார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் அப்படிப் பதில் கிடைக்கவில்லை. தாய்மார் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். மீன்காரர்களைச் சந்தையில் வைத்து மிரட்டினார்கள். மாணவிகளின் தகப்பன்மார் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்க்காததுபோல் கடந்தார்கள். கடைசியில் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் மிஞ்சினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். கடைகள் பூட்டி, ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருந்தார்கள். வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அக்கா போன் எடுத்தாள்.

"டீச்சர், பெக்கோ கொண்டு வந்து கட்டையைப் பேத்துக்கொண்டிருக்கிறானுகள்."

அடுப்பை அணைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். போய்ச் சேர்ந்தபோது பாதி வீதி முடிந்துவிட்டது. மண் கிண்டும் அந்தப் பெக்கோவை ஓடியவன் வெளியூர்க்காரன், தமிழ் தெரியாது. அக்கா அவனுக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றாள். அவன் இயந்திரத்தை நிறுத்தி, பரிதாபமாகக் கையை விரித்தான். சபையின் மேற்பார்வையாளர் வந்து சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் சாத்தினார். நாங்கள் இரண்டு பேர். சத்தம் போட்டோம். கேட்க ஒருவரும் இல்லை. தொழுகை முடிந்து சனம் வெளியே வந்தபோது வீதி துப்புரவாக இருந்தது. காக்கா தொப்பியைக் கழற்றி மடித்தபடி, கடை வாசலில் நின்று, அகலமான வீதியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நெரிசல் குறைந்ததா? பாதை இருந்த இடத்தில் இப்போது வாகனங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், முன்பு போலவே இன்னொரு வரிசையும் நிற்கிறது. பஸ் முன்பு ஊர்ந்தது போலவே இன்றும் ஊர்கிறது. சைக்கிள்கள் மட்டும் நிறுத்திய வேனுக்கும் ஓடுகிற லொறிக்கும் நடுவில் போகின்றன.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, காக்காவின் கடைக்கு முன்னால் நின்ற வேன் ஒன்றின் கதவு, பார்க்காமல் திறக்கப்பட்டது. அக்கா அதில் மோதி விழுந்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எனக்கும் பின்னால் வந்த பஸ் பிரேக் பிடித்த சத்தத்தில் என் உயிர் ஒருதரம் போய் வந்தது. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

"பாத்து வரத் தெரியாதா?" என்றான் கதவைத் திறந்தவன்.

கடையிலிருந்து காக்கா ஓடி வந்தார். தண்ணீர் கொண்டு வரச் சொன்னார், ஓட்டோ பிடித்தார், அதெல்லாம் உண்மை. ஆனால் அவளை ஏற்றி அனுப்பும்போது மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத்தான் பொம்புளையள் இந்த ரோட்டால சைக்கிள்ள வரப்படாது எண்டு சொன்ன."

நான் வீதியில் கிடந்த அவளுடைய சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் சாத்தினேன். வாய் திறந்திருந்தால் நடுவீதியில் கூடப்பிறந்தவரைத் திட்டியிருப்பேன்.

அக்காவின் கை நேராகப் பொருந்தவில்லை. ஈரத் துணி பிழிய முடியாது. வைத்தியசாலையில் வேறு ஆளைப் போட்டார்கள். இப்போது கல்முனையில் வீட்டோடு இருக்கிறாள். இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். உரலைப் பிழிவது மகள்தான். போய்ப் பார்த்தால் வீதியைப் பற்றிக் கதைக்கவே மாட்டாள். பிள்ளைகள் எப்படி, சாப்பிட்டீங்களா டீச்சர் என்று மட்டும் கேட்பாள். அவள் என்னையோ காக்காவையோ ஏசினால் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறும்.

பெருநாளன்று காக்கா வீட்டுக்குப் போனேன், உம்மா அங்கே இருப்பதால் மட்டும். பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்:

"கோவிக்காத. ஒனக்கொரு ஸ்கூட்டி எடுத்துத் தாறன்."

"அந்த மனிசிக்கும் ஒண்டு எடுத்துக் குடுப்பீங்களா?"

"யாரு?"

அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. முகத்தைப் பார்த்தேன், நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. உம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு எழும்பினேன். வட்டிலாப்பத்தைத் தொடவில்லை.

இன்றும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஓரத்தில் போவதில்லை, கதவுகளுக்குப் பயம். நடு வீதியில் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருகிறார்கள்.