முல்லைத்தீவில் சுறா பிடித்த வள்ளம்

பட்டம் எடுத்துவிட்டு, வேலை கிடைக்காமல், தொண்டைமானாற்றில் அக்கா வீட்டில் கிடந்து மூன்று நேரமும் தின்றுகொண்டிருந்த காலம் அது. அத்தான் தன் தமையனின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போய்வந்தார். தமையன் என்றால் சாதாரணத் தமையன் இல்லை. கரையில் கதிரை போட்டிருந்துகொண்டு, கூடப்பிறந்தவனையே "டேய், வலையைத் தூக்கடா" என்று ஊர் கேட்கக் கத்துகிற ஆள். அந்த முறை வாடைக்காற்று அடங்குவதற்குள் சொந்த வள்ளம் எடுப்பது, இல்லாவிட்டால் சாகும்வரை அந்தக் கதிரைக்கு முன்னால் நிற்பது என்று அத்தான் முடிவெடுத்திருந்தார்.

வல்வெட்டித்துறையில் ஒரு பைபர் வள்ளம் மிசினோடு விற்பனைக்கு இருப்பதாகக் கதை வந்தது. அத்தான் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பதிவு, கிதிவு என்று இங்கிலீசில் ஏதும் இருந்தால் படித்த மச்சான் பார்ப்பானாம். தின்ற சோற்றுக்கு அதுதான் வேலை.

வள்ளத்துக்காரருக்கு முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சாரம், தலை நிறைய எண்ணெய். வாயைத் திறந்தவர் பிறகு மூடவேயில்லை.

"அண்ணை, உது சும்மா வள்ளமில்லை. வருசா வருசம் முல்லைத்தீவிலை வாடி போட்டு நான் அடிச்ச அடி இதுக்குத்தான் தெரியும். ஒருக்கா ஒரு சுறா, இந்த மிசினடியிலை தலையெண்டால் வால் அந்த முனையிலை."

சீசனுக்கு முல்லைத்தீவில் கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்வது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் பழசு விற்கிறவன் எவனும் "அவ்வளவாக ஓடவில்லை, புதுசு மாதிரி" என்றுதான் சொல்லுவான். இவர் ஓடி ஓடித் தேய்ந்த வள்ளம் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதே ஏதோ உதைத்தது.

மீன்பிடிக் கந்தோருக்குப் போய்ப் பதிவைப் பார்த்தேன். இலக்கம் சரி. பெயர் மனைவியின் பெயர், சீதனமாக வந்த வள்ளம். வழக்கு இல்லை, கள்ளச் சாமான் ஏற்ற அக்கரைக்கு ஓடிச் சுங்கத்திடம் பிடிபட்டதும் இல்லை. பதிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திரும்பி வந்து, "அத்தான், சுத்தம்" என்றேன்.

அத்தான் வள்ளத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்தார்.

"டேய், இஞ்சை வா. அடியைத் தடவிப் பார்."

நானும் ஊர்ந்துபோய்த் தடவினேன். குழந்தைப்பிள்ளையின் கன்னம் மாதிரி இருந்தது.

"மணலிலை ஒரு வருசம் இழுத்தாலே அடி சொரசொரத்துப் போடும். இது எத்தினை வருசம் ஓடினதாம்? அண்ணையின்ரை வள்ளத்தைப் பாத்தனீதானே, நாய் கடிச்ச மாதிரிக் கிடக்கு."

இரண்டு பேரும் கீழே கிடந்தபடியே வழக்கை விசாரித்தோம். பதிவு பழசு, வள்ளம் புதுசு. அப்படியென்றால் பழைய வள்ளம் முல்லைத்தீவுக் கடலில் எங்கேயோ மூழ்கித் தாண்டுபோய்விட்டது. எவனுடையதோ புது வள்ளத்தைக் களவெடுத்து வந்து பழைய இலக்கத்தை எழுதியிருக்கிறார்கள். எடுத்தால் என்றாவது ஒருநாள் உடையவன் பொலிசோடு வந்து இழுத்துக்கொண்டு போவான். அத்தான் பழையபடி கூலிக்கு. அரசாங்கம் எனக்குப் படிப்பித்த காசு அன்றைக்குத்தான் வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

கரையில் விசாரித்தால் எல்லாரும் ஒரே பாட்டு. "லொறியிலை ஏத்திக்கொண்டு போறதைக் கண்டனாங்கள், வாறதைக் கண்டனாங்கள். முல்லைத்தீவிலை என்ன ஓடினது எண்டு எங்களுக்கென்ன தெரியும்?" இதற்குள் பருத்தித்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கையோடு எடுக்கிறேன் என்று அங்கேயே நின்றார்.

"நான் முல்லைத்தீவுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாறன், அத்தான்."

"நீ பஸ் பிடிச்சு வாறதுக்குள்ளை அந்தாள் வள்ளத்தைக் கொண்டுபோயிடும். கடல் இஞ்சைதானே கிடக்கு. இறக்கி ஓடிப் பாப்பம். உவரே மிசினைப் பிடிக்கட்டும். உண்மையா ஓடின ஆளெண்டால் கையிலை தெரியும்."

வள்ளத்துக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. "இண்டைக்குக் காத்துச் சரியில்லை, அண்ணை."

கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

"சுறாப் பிடிச்ச ஆளுக்கு இதொரு காத்தோ?" என்றார் அத்தான்.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, மாப்பிள்ளைக் கோலத்திலை நிக்கிறீர்? சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்குமன்."

வேலிக்குள்ளிருந்து வள்ளத்துக்காரரின் மனைவி ஓடிவந்து அவருடைய கையில் ஒரு தேசிக்காயைத் திணித்தா. "இஞ்சருங்கோ, இதைக் கையிலை வைச்சிருங்கோ." கண்ணூறு கழிக்க என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். மிசின் ஒரே இழுவையில் பிடித்தது. கரையோரக் கல்லைத் தாண்டும்வரை மனிசன் சுறாவைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். தாண்டியதும் முதல் அலை வள்ளத்தைத் தூக்கி வைத்தது. சுறா பாதியில் நின்றது. இரண்டாவது அலைக்கு மிசினை விட்டார். மூன்றாவதற்கு விளிம்பில் கவிழ்ந்து, காலையில் தின்ற இடியப்பம் சொதியிலிருந்து போன கிழமைப் பலாப்பழம் வரைக்கும் முழுவதையும் சத்தி எடுத்தார். அத்தான் பாய்ந்து மிசினைப் பிடித்தார்.

"உமக்கென்ன, காய்ச்சலோ?"

வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்தவர் தேசிக்காயை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார். "எனக்குக் கடல் ஒத்துவராது, அண்ணை."

"அப்ப முல்லைத்தீவிலை?"

"வாடியிலை இருந்து கருவாடு காயப்போட்டு வித்தனான். வள்ளம் கிடுகுக் கொட்டிலுக்குக் கீழை சும்மா கிடந்தது. மிசினை மட்டும் தண்ணிப் பீப்பாய்க்குள்ளை விட்டு இடைக்கிடை ஓட்டுவன். கலியாணம் முடிஞ்ச கிழமை மாமா ஒருக்காக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அண்டைக்கும் இதே கூத்து. மாமாவுக்கும் மனிசிக்கும்தான் தெரியும். மாமா இப்ப இல்லை."

"சுறா?"

"சந்தையிலை வாங்கினது."

அத்தான் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஒரு வட்டம் அடித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் கண்டுபிடித்த களவு, பொலிஸ், எல்லாம் போய்விட்டது.

"அண்ணை, கரையிலை சொல்லிப்போடாதேங்கோ. கடற்காரன்ரை மருமகன் எண்டு திரியிறன்."

அத்தான் வள்ளத்தைத் திருப்பினார்.

கரையில் ஒரு கூட்டமே நின்றது. பருத்தித்துறைக்காரர் முன்னுக்கு நின்றார். வள்ளத்தின் வெளிப்பக்கத்தில் இடியப்பம் வடிந்திருந்தது. வலைக் கிழவர் குனிந்து பார்த்தார்.

"ஆர் இது சத்தி எடுத்தது?"

"வேறை ஆர்? எங்கடை படிச்ச மச்சான்தான்" என்றார் அத்தான், கண்ணிமைக்காமல்.

வள்ளத்துக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "தம்பிக்குக் கடல் பழக்கமில்லைப் போலை" என்றார், என் தோளில் தட்டி. அந்த நேரத்தில் அந்தத் துணிவு.

"கம்பசிலை உதெல்லாம் படிப்பிக்கேல்லையோ?" என்று யாரோ கேட்க, கரை முழுக்கச் சிரித்தது. நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் காலை மிதித்தார். ஏறி நின்று மிதித்தார்.

வள்ளத்துக்காரர் பருத்தித்துறைக்காரரிடம் போனார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வள்ளம் இவருக்கெண்டு முடிவாப் போச்சு."

மனைவி கந்தோருக்கு வந்து கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தா. அத்தான் முதல் நாள் தன் வள்ளத்தை இறக்கியபோது நானும் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஏறப் போனேன். அத்தான் கையை நீட்டி மறித்தார்.

"நீ நில். வல்வெட்டித்துறைச் சனமும் கடலிலை நிக்கும். நீ நேராக் குந்தியிருக்கிறதைக் கண்டால் கதை பிழைச்சுப் போடும்."

வீட்டுக்கு வந்தேன். அத்தான் அக்காவிடமும் அதே கதையைத்தான் சொல்லி வைத்திருந்தார். அக்கா வயிற்றுக்கு நல்லது என்று மல்லி அவித்துத் தந்தா. வாங்கிக் குடித்தேன்.