ஒத்தை வக்கீலின் அலமாரி

நீதிமன்றத்தில் அவரை ஒத்தை வக்கீல் என்பார்கள். ஜூனியர் வைத்துக்கொண்டதில்லை, வக்காலத்தில் இன்னொரு பெயர் சேர்த்ததில்லை. கேட்டால், "ஒரு உறையில ரெண்டு கத்தி எதுக்கு?" என்பார். கட்சிக்காரர்களை யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று, கேஸ் கட்டுகளின் மேல் தான் வைத்த பட்டப்பெயரை மட்டும் எழுதுவார். வாய்தா தேதிகள் தலைக்குள் இருந்தன.

அந்தத் தலைக்குள்தான் ரத்தக்குழாய் வெடித்தது. பேச்சு போனது, வலது பக்கம் விழுந்தது.

அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் தையல்காரர் வந்தார். குடியிருக்கும் வீட்டுக்காகத் தன் அண்ணனோடு நடத்தும் வழக்கு. திங்கட்கிழமை கடைசி வாதம். இனி வாய்தா இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். யாரும் எழுந்து வாதாடாவிட்டால் வீடு போய்விடும். நீதிமன்றத்தில் இவருக்கு எதிர் அறையில் இருக்கும் வக்கீலைத் தையல்காரர் கையோடு கூட்டி வந்திருந்தார்.

ஒத்தை வக்கீலின் மனைவி கேஸ் கட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துடலாமேம்மா" என்றார் தையல்காரர்.

"அது தப்புய்யா" என்றார் எதிர் அறை வக்கீல். "இதுல பாதி கேஸ்ல எதிர்த்தரப்பு நான்தான்." சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் கட்டிலருகே நின்று மேலட்டைகளை வாசித்தாள். "ஒட்டகம். புளிமூட்டை. கோள்மூட்டி. அழுமூஞ்சி."

கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நானா அழுமூஞ்சி?" தையல்காரர் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அதுவும் சரிதான்."

எதிர் அறை வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "அண்ணே, கேஸை நான் நடத்துறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு இருக்கு. ரேகை வச்சாப் போதும்."

இடது கை மட்டும்தான் அவருக்கு மிச்சம். அது முஷ்டியாக இறுகியது. தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க" என்றாள் மனைவி. "போறது அவர் வீடு. உங்க வீம்புக்கு அவர் தெருவுல நிக்கணுமா?"

அவர் முஷ்டி தளரவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியில்தான் வந்தது. மையில் தொட்டு, தாளில் உருட்டினாள். எத்தனையோ பேர் விரலை அவர் உருட்டியதுபோலவே. பிறகு ஈரத்துணியால் துடைத்தாள். மை முழுக்கப் போகவில்லை.

அவர்கள் கிளம்பும்போது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். நெட்டை ஆள், நீளக் கழுத்து.

"சார் எப்படிம்மா இருக்காங்க? என் கேஸ் ஒண்ணு..."

அவள் பெயர் கேட்கவில்லை. எதிர் அறை வக்கீலைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க தம்பி. மைப்பெட்டியை இன்னும் மூடலை" என்றாள்.