தங்காதவருக்குப் பாயிண்ட் இல்லை

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்க வருகிறவர்களில் செங்கல்வராயனை அறியாதவர் குறைவு. கையில் பழைய கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே நடப்பார். ஆவடியில் உள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அங்கே அவர் செய்த வேலைக்கு 'ரேட் பிக்ஸர்' என்று பெயர். ஓர் இரும்புத் துண்டைக் கடைந்து எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும், துளை போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லுகிற வேலை அது. அவர் சொன்ன நிமிடத்தை வைத்துத்தான் தொழிலாளிக்குக் கூலி. ஆகையால் கடைசல் பிரிவில் அவரை யாருக்கும் பிடிக்காது. 'வாட்ச் செங்கல்' என்று முதுகுக்குப் பின்னால் அழைப்பார்கள். ஆனால் அவர் மதிப்பீடு தப்பியது என்று ஒருவரும் சொன்னதில்லை.

தொழிற்சாலையில் பழகிய பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தொழிற்சாலைக் குடியிருப்பில் வாழ்ந்த காலத்திலேயே, ஒரு சிலிண்டர் எத்தனை வேளைச் சமையலுக்கு வரும் என்று அவர் மனைவி லோகநாயகியிடம் சொல்லிவிடுவார். அது அப்படியே வரும். லோகநாயகிக்கு அதில் வருத்தமில்லை. அவளுக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் எல்லாம் அலுவலகச் சலுகையில் காசிக்கும் டில்லிக்கும் கன்னியாகுமரிக்கும் போய் வந்தன. இவர்கள் மட்டும் எங்கும் போகவில்லை.

"ரயில் டிக்கெட்டுக்குத்தான் கவர்மென்ட் குடுக்குது லோகு. போற எடத்துல தங்குற செலவு நம்ம தலையில. அத எஸ்டிமேட் போட்டுப் பாத்தா கட்டுப்படியாவாது" என்று செங்கல்வராயன் ஒவ்வொரு முறையும் சொல்வார். மகள் யுவராணி பள்ளி முடித்தபோதும் இதுதான் விடை. கல்லூரி முடித்தபோதும் இதுதான் விடை. "யுவராணி கல்யாணம் முடியட்டும், கன்னியாகுமரிக்கு இட்டுக்கினு போறேன். இது என் வாக்கு" என்று கடைசியாக ஒரு நாள் சொல்லிவைத்தார்.

கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளை ஸ்ரீகாந்த். அவன் தந்தை வேலுசாமி சேலத்துக்காரர். மண்டபம் வானகரத்தில். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தங்க இடம் கொடுப்பது பெண் வீட்டாரின் பொறுப்பு என்பதால், மண்டபத்துக்கு அருகில், பைபாஸை ஒட்டிய ஒரு பெரிய ஹோட்டலில் பன்னிரண்டு அறைகளை இரண்டு இரவுக்குச் செங்கல்வராயன் எடுத்தார். அந்தத் தொகையைக் கேட்டு அவர் முகம் வெளிறியதைப் பார்த்தோ என்னவோ, மேலாளர் கோகுல்நாத் ஆறுதலாக ஒரு செய்தி சொன்னார்.

"சார், எங்க மெம்பர்ஷிப்ல சேந்துக்கங்க. அதுக்குப் பணம் கெடையாது. ரூம் வாடகையில நூறு ரூபாய்க்குப் பத்து பாயிண்ட். பாயிண்ட் சேந்தா எங்க ஹோட்டல் எந்த ஊர்ல இருந்தாலும் இலவசமாத் தங்கலாம்."

"கன்னியாகுமரியில கீதா?"

"கடலப் பாத்த மாதிரியே இருக்கு சார்."

செங்கல்வராயன் அங்கேயே உறுப்பினராகச் சேர்ந்தார். அன்று மாலையே மதிப்பீட்டில் இறங்கினார். அறை வாடகை நாள் ஒன்றுக்கு ஐயாயிரம். பன்னிரண்டு அறை, இரண்டு இரவு. மொத்தம் ஓர் இலட்சத்து இருபதாயிரம். ஆக, பன்னிரண்டாயிரம் பாயிண்ட். கன்னியாகுமரி அறைக்கு ஓர் இரவுக்கு ஆறாயிரம் பாயிண்ட் வேண்டும். அதே அறையைப் பணம் கொடுத்து எடுத்தால் நாலாயிரத்து எண்ணூறு. ஆகவே ஒரு பாயிண்ட்டின் மதிப்பு எண்பது காசு. வாழ்நாள் முழுவதும் குறுக்கே நின்ற தங்கும் செலவு, இரண்டு இரவுக்கு அடியோடு ஒழிந்தது. அவருக்கே தன் மேல் மதிப்பு கூடிற்று.

"ரெண்டு ராத்திரி, லோகு. தங்குறதுக்கு ஒரு பைசா கெடையாது" என்றார்.

லோகநாயகி நம்பினாள். அவர் மதிப்பீடு தப்பி அவள் பார்த்ததே இல்லையே. தன்னோடு சேர்ந்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அடுத்த வீட்டுப் பொன்னம்மாளிடம் சொன்னாள். மகளுக்குச் சீர் வாங்கப் போன கடையிலேயே தனக்கென்று ஒரு பயணப் பையும் வாங்கினாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இரண்டு இரவும் மாப்பிள்ளை வீட்டார் ஹோட்டலில் உறங்கினார்கள். பெண் வீட்டார் முறைப்படி மண்டபத்திலேயே கிடந்தார்கள். சீர் வரிசைப் பாத்திரங்கள் அடுக்கிய அறையில் மின்விசிறி ஓடவில்லை. லோகநாயகி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, குத்துவிளக்குக்கும் கிரைண்டருக்கும் நடுவில் ஜமக்காளம் விரித்துப் படுத்தாள். கொசுக்கடியில் முகம் வீங்கியபடியே தாரை வார்த்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் சென்றது. பாயிண்ட் வரவில்லை. செங்கல்வராயன் கைப்பேசியை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை, வேலுசாமியிடமிருந்து அழைப்பு வந்தது.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? ஒரு சந்தேகம். அந்த வானகரம் ஹோட்டல்லேர்ந்து எனக்கு ஆயிரம் பாயிண்ட் வந்திருக்குதுன்னு மெசேஜ் வந்திருக்குதுங்க. இது பேங்குல இருந்து பணத்த உருவுற கும்பலா இருக்குமோ? தொட்டா எல்லாம் போயிரும்கிறானுங்க. அழிச்சுப்போடட்டுங்களா?"

"அழிக்காதீங்க சம்பந்தி, விசாரிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செங்கல்வராயன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாங்க, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள் லோகநாயகி.

"நம்ம பாயிண்ட்டு சம்பந்திக்குப் பூட்ச்சு."

விசாரிக்க அவர் கிளம்பியபோது, அவளும் கூடவே கிளம்பினாள். பை வாங்கியவள் அவள் அல்லவா.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஷர்மிளா என்ற பெண் இருந்தாள். பொறுமையான பெண். கணினியில் நெடுநேரம் பார்த்தாள்.

"உங்க அக்கவுன்ட்ல ஜீரோ காட்டுது சார்."

"எப்படிம்மா? பணம் கட்டுனவன் நானு. ரசீது கையில கீது."

"கட்டுனது நீங்கதான் சார். தங்குனது அவங்க. யார் வந்து அடையாள அட்டை குடுத்து ரூம்ல தங்குறாங்களோ, அவங்களுக்குத்தான் பாயிண்ட். வேலுசாமி சார் கிட்ட நம்பர் கேட்டோம், குடுத்தார், மெம்பரா சேத்தோம். அவர் தங்குன ஒரு ரூமுக்கு ஆயிரம் ஏறிடுச்சு. மத்தவங்க சேரல. அதனால அந்த ரூமுக்கெல்லாம் யாருக்கும் ஏறல."

"யாருக்கும் ஏறலன்னா, பதினோராயிரம் பாயிண்ட்டு எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். அது வரவே இல்ல."

கடைசல் பிரிவில் இப்படி ஒரு விடையை யாராவது சொல்லியிருந்தால் செங்கல்வராயன் விட்டிருக்க மாட்டார். இங்கே, சம்பந்தியின் ஆயிரமாவது உருப்படியாகுமா என்று கேட்டார். அறைக்குப் போதாது, சாப்பாட்டுப் பில்லில் வேண்டுமானால் கழித்துக்கொள்ளலாம், அப்படிக் கழித்தால் பாயிண்ட்டுக்கு முப்பது காசுதான் என்றாள் ஷர்மிளா. எண்பது காசு முப்பதாகக் கரைந்ததில் அவர் இன்னொரு முறை அதிர்ந்தார்.

"நீங்களும் அன்னிக்கு இங்க தங்கியிருந்தா, உங்க பேர்ல மூணு ரூம் வரைக்கும் ஏறியிருக்கும் சார்" என்றாள் அவள்.

"மூணு ரூம்னா மூவாயிரம். அப்பவும் அரை ராத்திரிதான்."

"அரை ராத்திரிக்கு ரூம் குடுப்பாங்களா?" என்று லோகநாயகி முதன்முறையாக வாய் திறந்தாள். "நடு ராத்திரியில எழுப்பி வெளிய வுட்ருவாங்களா?"

ஷர்மிளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். செங்கல்வராயன் தம்மைக் காத்துக்கொள்ளும் நோக்கத்தோடு, "அது எப்படிம்மா நாங்க இங்க தங்க முடியும்? பன்னெண்டு ரூமும் அவங்களுக்கே சரியாப் பூட்ச்சு. எங்களுக்கு ரூம் ஏது?" என்றார்.

"இருந்துச்சே சார்" என்றாள் ஷர்மிளா, திரையைப் பார்த்தபடியே. "பத்து ரூமுக்கு மேல எடுத்தா, பொண்ணோட அப்பா அம்மாவுக்கு ஒரு ரூம் இலவசம். உங்களுக்கு ஒதுக்கி வெச்சிருந்தோம். ரெண்டு நாளும் காலியாவே இருந்துச்சு. 'சொல்லியாச்சு, வேண்டாம்னுட்டார்'னு கோகுல்நாத் சார் குறிச்சிருக்கார்."

கோகுல்நாத் சொன்னது செங்கல்வராயனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று கையசைத்ததும் நினைவுக்கு வந்தது. மதிப்பே இல்லை என்று தள்ளிய ஒன்றை மனத்தில் வைத்திருப்பது அவர் வழக்கமன்று. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எந்த ரூம்மா?" என்று ஷர்மிளாவைக் கேட்டாள்.

"முந்நூத்தி ஏழு மேடம்."

"ஜன்னல் கீதா?"

"இருக்கு மேடம். பைபாஸ் தெரியும்."

"ஏசி?"

"எல்லா ரூம்லயும் ஏசி இருக்கு மேடம்."

லோகநாயகி தலையை ஆட்டிக்கொண்டாள். கன்னத்தில் கொசு கடித்துத் தழும்பாகியிருந்த இடத்தை விரலால் ஒரு முறை தடவினாள். பிறகு வாசலை நோக்கி நடந்தாள்.

வானகரத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒரு பேருந்து, அங்கிருந்து ஆவடிக்கு இன்னொன்று. முதல் பேருந்தில் அவள் பைபாஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். பூந்தமல்லியில் ஏறி உட்கார்ந்ததும், "ஏன் வேணாம்னீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லாதது அவரைக் கலக்கிற்று.

"சும்மா குடுக்கறேன்னு சொல்லுவான் லோகு. அப்புறம் டீ குடிச்ச, தண்ணி பாட்டில் எடுத்தன்னு தனியா பில்லு போடுவான். அதுவும் இல்லாம, பொண்ணப் பெத்தவங்க ஏசியில படுத்துக்கினு கெடந்தாங்கன்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"நாலு பேரு இன்னா பேசுவாங்கன்னு எஸ்டிமேட் போட்டீங்க. நான் இன்னா பேசுவேன்னு போடலியா?"

அவர் போடவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் மதிப்பீடு போட்டதே இல்லை. இப்போது, அவள் கோபம் மாலைக் காபியோடு தீர்ந்துவிடும் என்று போட்டார். காபி உரிய நேரத்தில் வந்தது. சர்க்கரையும் சரியாக இருந்தது. கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு, சம்பந்திக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த ஆயிரம் நல்ல பாயிண்ட்தான், அடுத்த முறை வரும்போது அங்கே சாப்பிட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்று தெரிவித்தார். பெண் கொடுத்தவர், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாகாது என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை பிற்பகல், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லோகநாயகி புதுப் பையோடு கூடத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டாமல் வைத்திருந்த பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். பின்னாலேயே பொன்னம்மாள், தலையில் பூவும் கையில் புளியோதரைத் தூக்குமாக வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் செங்கல்வராயன்.

"கன்னியாகுமரிக்கு. எழும்பூர்ல சாயங்காலம் ரயிலு."

"பணம்?"

"பிளவுஸ் தெச்ச காசு. பாதி நானு, பாதி பொன்னம்மா."

"இன்னா அண்ணே, அப்படிப் பாக்கறீங்க" என்றாள் பொன்னம்மாள். "கடல் தண்ணி வோணுமா, சங்கு வோணுமா? பாயிண்ட்டு மட்டும் கேக்காதீங்க, அது கடலோரக் கடையில விக்கல."

செங்கல்வராயன் எழுந்து நின்றார். நிற்கிறோம் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. "எப்ப வருவே?" என்றார்.

லோகநாயகி பையை ஆட்டோவில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீங்கதான் எஸ்டிமேட் போடுறவராச்சே. போட்டுப் பாருங்க."

போட்டார். போக ஓர் இரவு, வர ஓர் இரவு. நடுவில், பிளவுஸ் தைத்த காசில் கட்டுப்படியாவது ஓர் இரவு, மீறினால் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடுவாள் என்று முடிவு கட்டினார். ஞாயிறன்று அவரே இரண்டு பேருக்கு அரிசி களைந்து வைத்தார். பத்து மணி முதல் வாசலிலேயே நின்றார். ஏரியிலிருந்து நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிய ஒருவர், "இன்னா சார், யாருக்கு வெயிட்டிங்?" என்று கேட்டார். சோறு ஆறிற்று. பன்னிரண்டரைக்குக் கைப்பேசி ஒலித்தது.

"இன்னாங்க, சாப்டாச்சா?" என்றாள் லோகநாயகி. அவள் குரலுக்குப் பின்னால் பெருங்காற்று இரைந்துகொண்டிருந்தது.

"எங்க கீற நீ? ரயில் லேட்டா?"

"திரும்புற ரயில்ல ஏறவே இல்லீங்க. அதே கம்பெனி ஓட்டலுதான் இது, வானகரத்துல பாத்தோமே, அவங்களுது. ரெண்டு ராத்திரி தங்குனா மூணாவது ராத்திரிக்குப் பாதி வாடகையாம். பெட்டுல படுத்துக்கினே கடலப் பாக்கலாம். புதன்கெழமதான் வருவோம்."

"மூணு ராத்திரின்னா நாளைக்கே வந்துரலாமே. புதன்கெழம எப்படி வருது?"

"திருச்செந்தூரு போறோம்."

செங்கல்வராயன் வாசற்படியில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் லோகநாயகி. "உள்ள வரும்போதே போன் நம்பர் கேட்டாங்க. உங்க நம்பரக் குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். அப்புறம் அந்தப் பொண்ணு ஷர்மிளா சொன்னது ஞாபகம் வந்துச்சு. தங்குறவங்களுக்குத்தானே பாயிண்ட்டு. என் நம்பரக் குடுத்துட்டேன்."

"எவ்ளோ ஏறும்?" என்று கேட்டார் அவர். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியலீங்க" என்றாள் அவள். "நான் எஸ்டிமேட் போடல. பொன்னம்மா கூப்புடறா, வெச்சிடட்டுமா?"