ஒட்டாத நோய்

இப்போது என்னைப் பார்க்கும் டாக்டர், எனக்கு மூன்று நோய் என்கிறார். தோலில் ஒன்று, மூட்டில் ஒன்று, கழுத்துச் சுரப்பியில் ஒன்று. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதானாம். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் உடம்பையே போட்டு அடிக்கிறதாம். "சண்டை போட அதுக்கு வெளியில ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா சமயத்தில் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால், என் மகள் என்னிடமே வளர்ந்திருப்பாளோ என்னவோ.

அப்போது மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர்க் குழாய் போடும் வேலை. கல்யாணமாகி வந்தபோதே எனக்கு முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளை பிறந்த பிறகு அது இரண்டு கைகளிலும் பரவி உதட்டோரம் வந்து நின்றது. அதோடு விட்டதா என்றால் இல்லை, விரல் மூட்டெல்லாம் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பிள்ளையின் துணியைப் பிழிய முடியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவேன். அவளைக் கையால் பிடிக்க முடியாது. இரண்டு முழங்கைக்கும் நடுவே இடுக்கித் தூக்கித்தான் பால் கொடுப்பேன். அவள் பாட்டுக்குக் குடிப்பாள். தூக்கிய விதத்தில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழர்கள். அந்த அம்மாள் மலாய்க்காரிகள் மாதிரி கெபாயாச் சட்டை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, காலையில் தவறாமல் கோயிலுக்குப் போவார். ஆனால் பேச்செல்லாம் மலாய்தான், தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். என் மலாயோ பாசாரில் மீன் வாங்கக் கற்றுக்கொண்ட மலாய். ஒருநாள் வேலியோரம் நின்று, என் கையைக் காட்டி, "சாக்கிட் ஆப்பா?" என்று கேட்டார். என்ன நோய் என்கிறார்.

"வெண்குஷ்டம்," என்றேன்.

"குஸ்தா?"

மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "யா, குஸ்தா. குஸ்தா பூத்தே," என்று பெரிய மேதாவி மாதிரி மொழிபெயர்த்தும் கொடுத்தேன். பூத்தே என்றால் வெள்ளை. வெள்ளைக் குஷ்டம். சரிதானே?

சரியில்லை. தமிழில் வெண்குஷ்டம் என்றால் தோல் வெளுப்பது, ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. குஷ்டம் என்ற சொல் அதில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. மலாயில் குஸ்தா என்றால் தொழுநோய், அவ்வளவுதான். தோல் வெளுப்பதற்கு அவர்கள் சோப்பாக் என்பார்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் வேறென்ன நினைப்பார்? வெளுத்த தோல், வீங்கிக் கோணிப்போன விரல், வாயாலேயே ஒப்புக்கொண்ட நோய். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் வாய்மேல்தான் கோபம். வேறு எதற்கோ நீளுகிற வாய், அன்றைக்கு இதற்கு நீண்டது.

அவருடைய கணவரும் என் வீட்டுக்காரரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். சேதி அந்த வாரமே என் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல், "நீயே சொன்னியாமே?" என்று கேட்டார். நான் விளக்கினேன். சொல்லச் சொல்ல அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து அவருடைய தங்கச்சி வந்தாள். கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. நல்லவள்தான். வாசலுக்கு உள்ளே வராமல் நின்றபடி, "டெஸ்ட்டு பாத்து முடியிற வரைக்கும்தான் அண்ணி. புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். எனக்கே பயம் வந்துவிட்டது. பிள்ளையை அவரே எடுத்துக்கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்தார். அன்றைக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. சுவரில் சாய்ந்து அழுதேன். பீய்ச்சிவிடக்கூட விரல் மடங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் முறை வர நாளானது. டாக்டர் வெள்ளைக்காரர், மொழிபெயர்க்க, புண்ணுக்கு மருந்து கட்டுகிற ஒரு தமிழ் டிரெசர். "கண்ண மூடிக்கிங்கம்மா. எங்க தொடுறாருன்னு சொல்லுங்க," என்றார் டிரெசர். பஞ்சால் தொட்டார்கள், ஊசியால் குத்தினார்கள். வெளுத்த இடம் ஒவ்வொன்றிலும் எனக்கு வலித்தது. வலித்த ஒவ்வொரு முறையும் சாமி கும்பிட்டேன். தொழுநோயாக இருந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி செத்திருக்குமாம். ஆனாலும் தோலில் ஒரு துண்டு எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். பதில் வருவதற்குள் எனக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் கூடி மாதக்கணக்கில் படுத்துவிட்டேன். நாத்தனார் அவ்வப்போது பிள்ளையைக் கொண்டுவந்து, சாலையோர லோங்காங்குக்கு அந்தப் பக்கம் நின்று காட்டுவாள். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். முதலில் என்னைப் பார்த்துக் கால் உதைத்தாள். பிறகு ஓடுகிற சாக்கடைத் தண்ணீரைத்தான் பார்த்தாள்.

தொழுநோய் இல்லை என்று பதில் வந்த நாளில், நாடே மெர்டேக்காவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சேலையை அவரைக் கட்டிவிடச் சொன்னேன். "புள்ளய கூட்டிட்டு வந்துருவோம்," என்றேன். "ஒன்னால வாளித் தண்ணியே தூக்க முடியலியே," என்றார். "அது என் பாடு," என்றேன். பஸ் ஏறிப் போனோம்.

நாத்தனார் ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சந்தோஷம் என்றாள், பொய்யில்லை, கண்ணெல்லாம் கலங்கியது. என் மகள் அவள் இடுப்பில் உட்கார்ந்து அவள் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள், நடக்கவும் செய்தாளாம்.

"உங்க புள்ள அண்ணி. நான் தடுக்கலை," என்று இறக்கிவிட்டாள். "தூக்கிட்டுப் போங்க."

நான் குனிந்தேன். பழையபடி முழங்கைகளுக்கு நடுவில் இடுக்கித் தூக்கினேன். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு பின்னால் வளைந்து அலறினாள். விரல் பிடித்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். விரல் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனவளை, தரையில் விழுவதற்குள் நாத்தனார் பிடித்துவிட்டாள்.

பிறகு என் வீட்டுக்காரர், "கை சரியாகட்டும்," என்றார். எந்த டாக்டரும் கை சரியாகும் என்று சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

வேண்டாம், அவளை நடக்கவிட்டுக் கூட்டிப் போகிறேன், இழுத்துக்கொண்டாவது போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முதுகைத் தடவிக் கொடுக்க, அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து அடங்கினாள். எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் வாழ்க்கையில். அதற்கு மட்டும் எனக்குத் தெம்பு வரவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நாத்தனார் வாசல் வரை வந்தாள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பழக்கத்தில், இடுப்பிலிருந்தவளின் கையைப் பிடித்து ஆட்டிவிட்டாள்.

"போய்ட்டு வாங்க அத்தைன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் பிள்ளை சொல்லிவிட்டது, தெளிவாக, மழலைகூட இல்லாமல். "அத்தை."

"வர்றேம்மா," என்றேன்.