வெற்றிலைக்கு எந்த இடம்?

எந்தத் துறைக்கு முதலில் பணம், எது காத்திருக்கலாம் என்று வரிசை கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த வரிசையில் நின்று கால் கடுத்தவர்களே, அது எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில், பொருளாதாரம் படித்த தைரியத்தில், மதுரையில் ஒரு திட்ட அலுவலகத்தில் சேர்ந்தேன்.

விவசாயத்துக்கே முதலிடம்

அந்த வருஷம் விவசாயம்தான் முதலில். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பாண்டி வந்தார். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டார் வைக்கக் கடன் கிடைக்காவிட்டால் கொடி காய்ந்துவிடும்.

விவசாயம் என்றால் உணவுப் பயிர் என்று மேலிடத்து விளக்கம். கூட்டத்தில் அவருக்காகப் பேசிப் பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, சோழவந்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே பெரிய அதிகாரி தீர்ப்புச் சொன்னார்: "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறதுதானேம்மா வெத்தல? அப்ப உணவுக்கு அப்புறம்தான் அதுக்கு இடம்."

தொழிலுக்கே முதலிடம்

அடுத்த வருஷம் மேலே காற்று மாறியது. சிறுதொழில்தான் நாட்டை நிமிர்த்தும் என்றார்கள். குடத்தில் நீர் சுமந்து பாதிக் கொடியைக் காப்பாற்றியிருந்த பாண்டி, "மோட்டார் எந்தத் துறையில வந்தா என்னம்மா, தண்ணி இறைச்சாச் சரி" என்று மாவு மில்லுக்கு விண்ணப்பித்தார். மில்லோடு மோட்டாரும் வருமே!

வந்தது. ஆனால் தொழிலுக்குக் கொடுத்த மின்சாரம் கடைத்தெருவைத் தாண்டக் கூடாது, கிணறோ வயக்காட்டில். மில்லாவது ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். தெரு நெடுக மாவு மில்கள், எல்லாம் எங்கள் சிபாரிசு. மழை பொய்த்த வருஷம் வேறு. ஓடாத மில்லின் வாசலில் பாண்டியின் மனைவி ராக்கு உட்கார்ந்திருந்தார். "மில்லு இம்புட்டுக் குடுத்தீக. அரைக்கத் தானியம் எந்தத் துறையில வரும்க்கா?"

மாட்டுக்கே முதலிடம்

பிறகு கறவை மாடு. பாண்டி வரவேயில்லை. நான்தான் சொல்லி அனுப்பினேன். வாசலோடு நின்று கேட்டுவிட்டுப் போனார்: "மாட்டுக்கும் நாந்தான் தண்ணி காட்டணுமா, இல்ல அதுக்குத் தனித் துறை இருக்காம்மா?"

வெற்றிலைக்கும் முதலிடம்

கடைசியில் அதுவும் நடந்தது. வெற்றிலை என்று பெயர் சொல்லியே உத்தரவு வந்தது. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

கொடிக்காலில் கொடி படர நட்ட அகத்திகள் மட்டும் நின்றன, பற்றிக்கொள்ள யாருமில்லாமல். மழை பொய்த்த அந்த வருஷக் கோடையிலேயே கொடி கருகியிருந்தது. பாண்டி மதுரைப் பக்கம் பழங்காநத்தத்தில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார்; அன்று நல்லவேளையாக வீட்டிலிருந்தார். சேதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உள்ளே போய், வந்தவளுக்குச் செய்யும் மரியாதையாக வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"போடுங்கம்மா. கடையில வாங்குனதுதான்."

எல்லாத் துறைகளையும் ஒரு நாள் முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம் நாங்கள். அதுவரை காத்திருக்கக் கொடிக்குத்தான் தெரிவதில்லை.